மூன்றாண்டுக் கோடு: கடை வாடகை ஒப்பந்தம் எங்கே முறிகிறது

மலேசியாவில் கடை வாடகைக்கென்று தனிச் சட்டம் கிடையாது. வாடகைக்கு உச்சவரம்பு இல்லை. தவணை முடிந்த கடைக்காரரைத் தொடர்ந்து வைத்திருக்கும்படி உரிமையாளரைக் கட்டாயப்படுத்தும் விதியும் இல்லை. ஒருகாலத்தில் இருந்தது. 1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களை 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காத்தது. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் அப்பன், பிள்ளை, பேரன் என்று சொற்ப வாடகையில் தொழில் நடந்தது அதனால்தான். 1997இல் அச்சட்டத்தை நீக்கினார்கள். இடைக்காலப் பாதுகாப்பும் 1999 டிசம்பர் 31உடன் முடிந்தது. 2008இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமான பிறகு, அதே கடைவீடுகள் தங்கும் விடுதிக்காரர்களும் காப்பிக்கடைக்காரர்களும் போட்டிபோடும் சொத்துகளாயின.

ஆகவே இன்று ஜார்ஜ்டவுன் லெபோ பசாரில் மளிகை வைத்திருப்பவருக்கும், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் வாழையிலைச் சாப்பாட்டுக்கடை நடத்துபவருக்கும், மஸ்ஜித் இந்தியாவில் ஜவுளி விற்பவருக்கும் இருக்கும் பாதுகாப்பு, கையெழுத்திட்ட தாளில் இருப்பதுதான். அந்தத் தாளையும் மீறி நிற்கும் சட்ட விதிகள் சில உண்டு. அவை தேசிய நிலச் சட்டம், 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம் எனப் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் கடைக்காரர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது மூன்று ஆண்டு என்ற எல்லை.

பதிவு உள்ளதும் இல்லாததும்

தேசிய நிலச் சட்டத்தின்படி மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட தவணை குத்தகை ஆகும். அதை நில அலுவலகத்தில் பதிவுசெய்ய வேண்டும். முழு நிலத்துக்கு 99 ஆண்டு வரையும், நிலத்தின் ஒரு பகுதிக்கு 30 ஆண்டு வரையும் குத்தகை கொடுக்கலாம். மூன்று ஆண்டும் அதற்குக் குறைவானதும் பதிவு தேவைப்படாத வாடகை. வாய்மொழியாகப் பேசிக்கொண்டாலும் அது செல்லும்.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கடை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் “3+3” என்றோ “3+3+3” என்றோ எழுதப்படுவதன் காரணம் இதுதான். பதிவுச் செலவும் வங்கியிடம் ஒப்புதல் கேட்கும் வேலையும் இல்லாமல், பார்வைக்கு ஒன்பது ஆண்டு கிடைத்ததுபோல் இருக்கும். கையில் இருப்பது மூன்று ஆண்டு மட்டுமே. மீதி ஆறும், புதுப்பித்துக்கொள்ளலாம் என்று உரிமையாளர் கொடுத்த வாக்கு.

வேறு சிலர் ஐந்து ஆண்டு என்று எழுதிக்கொண்டு பதிவு செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். அது செல்லாத தாள் ஆகிவிடாது. எழுதிய இருவருக்கிடையே அது ஒப்பந்தமாக நிற்கும், நீதிமன்றமும் அதை நிறைவேற்றச் சொல்லலாம். ஆனால் இடத்தை வாங்க வரும் மூன்றாமவர் முன் அதற்குப் பெரிதாக வலு இல்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

உரிமையாளர் கடையை விற்றுவிட்டால்?

“வாடகைக்காரன் உள்ளே இருக்கும்போது யார் வந்து என்ன செய்ய முடியும்?” என்று நம்பிக்கையோடு சொல்பவர்கள் பலர். தேசிய நிலச் சட்டத்தின் 213ஆம் பிரிவு வேறு சொல்கிறது. பதிவு தேவைப்படாத வாடகை, நில உரிமைப் பதிவேட்டில் குறிப்பேற்றப்படாதிருந்தால், பின்னால் வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது. நான்கு இலட்சம் வெள்ளி (ரிங்கிட்) செலவழித்துச் சமையற்கூடம் அமைத்த உணவகக்காரரும் இந்த விதிக்கு உட்பட்டவர்தான்.

இதற்குப் பரிகாரத்தையும் அதே சட்டம் தருகிறது. 316ஆம் பிரிவின்கீழ், வாடகைக்காரரே நிலப் பதிவகத்தில் விண்ணப்பித்துத் தம் வாடகையைப் பதிவேட்டில் குறிப்பேற்றலாம். குறிப்பு ஏறிவிட்டால், அதற்குப் பின் வாங்குபவர் அந்த வாடகையோடுதான் வாங்குகிறார். இதைச் செய்யும் கடைக்காரர்கள் மிகக் குறைவு. வழக்கறிஞர் சொல்லாததும், உரிமையாளர் முகம் கோணுவாரோ என்ற தயக்கமும் காரணம். உட்பூச்சுக்கும் தளவாடத்துக்கும் பெரும் பணம் போடுபவர் இதைத் தவிர்க்கவே கூடாது. உரிமையாளர் மறுத்தால் அதைக் கையெழுத்திடுமுன் தெரிந்துகொள்வது நல்லது.

குறிப்பேற்றுவதற்குப் பதிலாகக் கேவியட் (நிலத்தைக் கைமாற்றவிடாமல் பதிவேட்டில் போடும் தடை) போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் அறிவுரை சொல்வதுண்டு. மூன்றாண்டுக்கு உட்பட்ட வாடகைக்கு அது பலிக்காது. தனியார் கேவியட், நில உரிமையோ பதிவுசெய்யத் தக்க நலனோ கோருபவருக்கு உரியது. பதிவு தேவைப்படாத வாடகை அந்த வகையில் சேராது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1990களிலேயே தீர்ப்பளித்துவிட்டது.

விற்பனையைவிட ஆபத்தானது லெலோங் எனப்படும் ஏலம். கடை வங்கியில் அடமானத்தில் இருந்து, அடமானத்துக்குப் பின் வங்கியின் ஒப்புதலின்றி வாடகைக்குக் கொடுக்கப்பட்டிருந்தால், ஏலத்தில் எடுத்தவர் அந்த வாடகையை ஏற்க வேண்டியதில்லை. எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதிகாரபூர்வ நிலத் தேடல் ஒன்றை எடுத்துப் பார்க்க வேண்டும். கோலாலம்பூர் சொத்துக்குக் கூட்டரசுப் பிரதேச நில, கனிமவள அலுவலகம். பினாங்குச் சொத்துக்கு மாநில நில அலுவலகம். அந்தத் தாளில் நான்கு விஷயங்கள் தெரியும்: உரிமையாளர் யார், எத்தனை பேர், அடமானம் உண்டா, கேவியட் உண்டா. பழைய கடைவீடுகளில் உரிமையாளர் பெயரில் இருப்பவர் காலமாகி, வாரிசுகளுள் ஒருவர் மட்டும் வந்து வாடகை வாங்கிக்கொண்டிருப்பது வாடிக்கை. மரணசாசன நிறைவேற்றுநரோ, நீதிமன்றம் நியமித்த சொத்து நிர்வாகியோ கையெழுத்திடாத ஒப்பந்தத்தை மற்ற வாரிசுகள் பின்னாளில் கேள்வி கேட்பார்கள். கூட்டு உரிமையாளர்கள் இருந்தால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். பவர் ஆஃப் அட்டர்னி (உரிமையாளர் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) வைத்திருப்பதாகச் சொல்பவரிடம் அது உயர் நீதிமன்றத்தில் பதியப்பட்ட சான்றைக் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய வரி ஒன்று உண்டு: கடையை விற்றால் இந்த வாடகைக்கு உட்பட்டே விற்பேன், வைப்புத்தொகையையும் வாங்குபவரிடம் ஒப்படைப்பேன் என்று உரிமையாளர் உறுதி தருவது. இது வாங்குபவரைக் கட்டாது என்றாலும், பழைய உரிமையாளரிடம் நட்டஈடு கேட்க வழி விடும். வைப்புத்தொகை பழையவரிடமா புதியவரிடமா என்ற இழுபறியும் குறையும்.

புதுப்பிக்கும் உரிமை

கடை வாடகை வழக்குகளில் மிகப் பலவற்றுக்கு விதை இங்கேதான் விழுகிறது. ஒப்பந்தத்தில் ஒரு பத்தி இருக்கும்: “வாடகைக்காரர் மேலும் மூன்று ஆண்டுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம், வாடகை இரு தரப்பும் பேசி முடிவு செய்யும் தொகை.” பார்க்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் வாடகை எவ்வளவு என்பது முடிவாகாத ஒப்பந்தம் முழு ஒப்பந்தமே அல்ல. பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத உடன்படிக்கை செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு. உரிமையாளர் 6,000 வெள்ளி வாடகையை 14,000 என்று கேட்டுவிட்டு, “பேசினோம், ஒத்துவரவில்லை” என்று சொல்லிவிடலாம். அப்போது வாடகைக்காரரிடம் புதுப்பிக்கும் உரிமை என்று எதுவும் மிஞ்சாது.

இதை அடைக்க எண்ணோ கணக்கு முறையோ எழுதப்பட வேண்டும். “முந்தைய வாடகையைவிட 10 விழுக்காட்டுக்கு மேற்படாத உயர்வு” என்று எழுதலாம். அல்லது “நிலவும் சந்தை வாடகை, ஒத்துவராவிட்டால் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் சொல்வதே முடிவு, அவர் கட்டணம் ஆளுக்குப் பாதி” என்று எழுதலாம். இரண்டாவது உரிமையாளருக்கும் நியாயமானது என்பதால் எளிதில் ஒப்புக்கொள்வார்கள்.

அடுத்தது நாள் கணக்கு. தவணை முடிய மூன்று மாதத்துக்கு முன் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்று பெரும்பாலான ஒப்பந்தங்கள் சொல்கின்றன. 2027 ஜூன் 30இல் முடியும் வாடகைக்கு 2027 மார்ச் 31க்குள் கடிதம் உரிமையாளர் கையில் சேர்ந்திருக்க வேண்டும். ஏப்ரலில் கொடுத்தால் உரிமை போயிற்று. இதில் நீதிமன்றங்கள் கறாராகவே இருக்கும், ஏனெனில் குறித்த காலத்துக்குள், குறித்த முறையில் பயன்படுத்தினால்தான் இந்த உரிமை உயிர் பெறுகிறது. உரிமையாளரைக் கல்யாண வீட்டில் பார்த்துச் சொன்னதும், அவர் “சரி, பார்க்கலாம்” என்று தலையாட்டியதும் அறிவிப்பு ஆகாது. ஒப்பந்தம் பதிவு அஞ்சல் என்று சொன்னால் பதிவு அஞ்சலிலேயே அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப் செய்தியைக் கூடுதலாக அனுப்பி வைக்கலாம், அதையே நம்பியிருக்கக் கூடாது. “ஒப்பந்த மீறல் எதுவும் இல்லாதிருந்தால்” என்ற நிபந்தனையும் வழக்கமாக ஒட்டியிருக்கும். வாடகையை மாதந்தோறும் பத்து நாள் தாமதித்துக் கட்டியவர் அந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்.

தவணை முடிந்தும் புதிய ஒப்பந்தம் போடாமல், பழைய வாடகையையே கட்டிக்கொண்டு கடை நடத்துபவர்கள் ஏராளம். உரிமையாளர் வாடகையாகவே பெற்றுக்கொண்டால் அது பெரும்பாலும் மாதவாடகையாகக் கருதப்படும். ஒரு மாத அறிவிப்பில் முடித்துவிடலாம். பத்து ஆண்டு அப்படி ஓடினாலும் அந்த நிலை மாறாது.

பூட்டு, இரட்டை வாடகை, ஜப்தி

வாடகை நின்றுபோனதும் உரிமையாளர்கள் முதலில் யோசிப்பது கதவுக்குப் புதுப் பூட்டுப் போடுவதை. 1950ஆம் ஆண்டின் குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் 7(2) பிரிவு இதைத் தடுக்கிறது. வாடகை முடிந்தோ முடிக்கப்பட்டோ இருந்தாலும், உள்ளே இருப்பவரை நீதிமன்ற நடவடிக்கை வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும். ஒப்பந்தத்தில் “உரிமையாளர் மீண்டும் நுழையலாம்” என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிப் பூட்டை உடைப்பவர், தாமே நட்டஈட்டு வழக்குக்கு வாசல் திறக்கிறார். கெட்டுப்போன சரக்கு, நின்றுபோன வியாபாரம் எல்லாம் அதில் சேரும். மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டித்து ஆளைக் கிளப்புவதும் அதே பாதையில்தான் கொண்டுபோய் விடும்.

வாடகைக்காரர் பக்கமும் ஓர் எச்சரிக்கை உண்டு. “கோர்ட் ஆர்டர் வரும்வரை இருக்கலாம்” என்று இலேசாக எண்ணிவிடக் கூடாது. தவணை முடிந்தபின் இடத்தைக் காலி செய்யாதவரிடம் இரட்டை வாடகை கேட்க 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டத்தின் 28(4) பிரிவு உரிமையாளருக்கு உரிமை தருகிறது. வழக்கு எட்டு மாதம் இழுத்தால், 6,000 வெள்ளிக் கடைக்கு மாதம் 12,000 வீதம் 96,000 வெள்ளி. உரிமையாளர் இங்கே சறுக்குவது எப்படியென்றால், முடிப்பு அறிவிப்பு கொடுத்த பிறகும் வழக்கமான வாடகையைக் கேள்வியின்றி வாங்கிக்கொள்வதால். அது அறிவிப்பைத் தாமே கைவிட்டதாகக் காட்டும். வாங்கினால், உரிமைகளுக்குப் பாதகமின்றி, இடத்தைப் பயன்படுத்தியதற்கான ஈடாக மட்டும் பெறுகிறேன் என்று ரசீதில் எழுத வேண்டும்.

வாடகை பாக்கிக்கு இன்னொரு கருவி 1951ஆம் ஆண்டின் டிஸ்ட்ரெஸ் சட்டம். உரிமையாளர் எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்காமலே நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, கடையிலுள்ள பொருள்களை ஜப்தி செய்ய ஆணை பெறலாம். விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாத வாடகை வரைதான் இதில் கேட்க முடியும். பைலிஃப் என்னும் நீதிமன்ற அலுவலர் வந்து பட்டியல் எடுப்பார். ஐந்து நாளுக்குள் பாக்கியைக் கட்டவோ, ஆணையை நீக்கும்படி நீதிமன்றத்தை நாடவோ வேண்டும், இல்லையேல் பொருள் ஏலம் போகும். உடுப்பு, படுக்கை, அந்த நேரத்தில் ஒருவர் கையில் பயன்பாட்டில் இருக்கும் பொருள் போன்றவை ஜப்திக்கு அப்பாற்பட்டவை. விற்றுத் தருவதற்காக வேறொருவர் கொடுத்துவைத்த சேலைகளும், வாடகைக்கு எடுத்த குளிர்பெட்டியும் பட்டியலில் ஏறிவிட்டால், அவற்றின் சொந்தக்காரர் அந்த ஐந்து நாளுக்குள் ஆவணங்களோடு நீதிமன்றம் போக வேண்டும். கடைக்காரர் அவருக்கு அன்றே தகவல் சொல்லிவிடுவது கடமை.

இந்த ஜப்தி, வாடகை உறவு உயிரோடு இருக்கும்போதுதான் செல்லும். ஒப்பந்தத்தை முடித்துக் கடிதம் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் ஜப்திக்கு விண்ணப்பிக்கும் உரிமையாளர் தம் இரு வாதங்களையும் ஒன்றோடொன்று மோதவிடுகிறார். பணம் வேண்டுமா, இடம் வேண்டுமா என்பதை முதல் கடிதத்துக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

இடம்தான் வேண்டும் என்றால் வரிசை இப்படி: மீறலைக் குறிப்பிட்டு, சரிசெய்ய நியாயமான அவகாசம் தரும் அறிவிப்பு, சரியாகாவிட்டால் முடிப்புக் கடிதம், அதன்பின் வழக்கு. தொகை எவ்வளவானாலும் வாடகை வழக்கை செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கலாம், கோலாலம்பூருக்கு ஜாலான் டூத்தா வளாகம். அத்துமீறிக் குடியேறியவர்களை விரைவில் அகற்ற நீதிமன்ற விதிகளின் 89ஆம் ஆணை உண்டு. தவணை முடிந்தும் இருக்கும் வாடகைக்காரர் மீது அதைப் பயன்படுத்த முடியாது என்று அந்த ஆணையே விலக்கு வைத்திருக்கிறது. தெரியாமல் அந்த வழியில் போய் மனு தள்ளுபடியாகி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கியவர்கள் உண்டு. எதிர்வாதத்தில் சரக்கில்லை என்றால் 14ஆம் ஆணையின்கீழ் விசாரணையின்றித் தீர்ப்புக் கேட்பதே குறுகிய வழி.

கைமாற்றிவிடப்பட்ட கடைகள்

உணவகத்தைத் தட்டுமுட்டுச் சாமான்களோடு இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுப் போவது நம் வியாபார வட்டத்தில் சர்வ சாதாரணம். ஒப்பந்தமோ, உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலின்றி மாற்றிக்கொடுக்கவும் உள்வாடகை விடவும் தடை போட்டிருக்கும். புதியவர் 150,000 வெள்ளி கொடுத்து எடுத்திருப்பார். உரிமையாளரைப் பொறுத்தவரை அவர் யாரோ ஒருவர். பழையவரும் தப்ப முடியாது: ஒப்பந்தம் அவர் பெயரில் இருக்கும்வரை பாக்கி வாடகைக்கு அவரே பொறுப்பு. தொழில் உரிமமும் தானாகப் புதியவர் பெயருக்கு வராது. மாநகர மன்றத்தில் அவர் விண்ணப்பிக்க வேண்டும். உரிமையாளர், பழையவர், புதியவர் மூவரும் கையெழுத்திடும் மாற்று ஒப்பந்தம் ஒன்றுதான் இதற்குச் சரியான தீர்வு. பணம் கைமாறுவது அதற்குப் பிறகாக இருக்கட்டும்.

கடை முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையில் பூக்கடைக்கோ வெற்றிலைக்கடைக்கோ இடம் விட்டு மாதவாடகை வாங்குவதும் இதே வகையில் சேரும். ஒப்பந்தத்தில் அந்த இடம் அடங்கியிருக்காது. நடைபாதையை மறிப்பது 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்கீழ் குற்றமும் ஆகும்.

சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) பெயரில் கடை எடுப்பவரிடம் உரிமையாளர் இயக்குநரின் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்பார். கையெழுத்திட்டால் நிறுவனம் மூழ்கினாலும் கடன் அவர் வீட்டு வாசலுக்கு வரும். உத்தரவாதத்துக்கு ஓர் உச்சத் தொகை கேட்டுப் பெறுவது பேரத்தில் முடியக்கூடியதுதான்.

முத்திரை, வரி, அனுமதி

ஒப்பந்தத்தைக் கையெழுத்திட்ட 30 நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கு போய்விட்டது. ஒவ்வொரு 250 வெள்ளிக்கும், ஓராண்டு வரையிலான தவணைக்கு 1 வெள்ளி, மூன்றாண்டு வரை 3 வெள்ளி, ஐந்தாண்டு வரை 5 வெள்ளி, அதற்கு மேல் 7 வெள்ளி. மாதம் 5,000 வெள்ளி வாடகைக்கு மூன்றாண்டு ஒப்பந்தமானால் 720 வெள்ளி. முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. தகராறு வந்தபின் அபராதத்தோடு ஓடிப்போய்க் கட்டுவதைவிட இது மலிவு. 2025 ஜூலை 1 முதல் வணிக வாடகைக்குச் சேவை வரியும் வந்தது. உரிமையாளர் அதற்குப் பதிவு பெற்றவரா, பேசிய வாடகை வரியோடா வரியின்றியா என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

கட்டடம் உங்கள் தொழிலுக்கு ஏற்றதா என்பது தனிக் கேள்வி. மேல்மாடி அலுவலகத்துக்கு அனுமதிக்கப்பட்டிருந்தால் அங்கே உணவகம் நடத்த உரிமம் கிடைக்காமல் போகலாம். ஜார்ஜ்டவுன் மரபுடைமை வட்டாரத்தில் முகப்பைத் தொடுவதற்குக்கூட பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். உரிமமும் அனுமதியும் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் முடிந்து வைப்புத்தொகை திரும்பும் என்ற நிபந்தனையைச் சேர்க்காமல் கையெழுத்திட்டவர், திறக்க முடியாத கடைக்கு மூன்றாண்டு வாடகை கட்ட நேரும்.

சாவியை ஒப்படைக்கும் நாள்

இரண்டு மாத வாடகை பாதுகாப்பு வைப்பு, பயன்பாட்டுக் கட்டணங்களுக்கு அரை மாதமோ ஒரு மாதமோ, முதல் மாத வாடகை. இதுதான் வழக்கமான கணக்கு. வெளியேறும்போது சண்டை வருவது “இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்” என்ற வரியால். புகைபோக்கி, கழிவுநீரில் எண்ணெயைப் பிடிக்கும் பொறி, கூடுதல் மின்கம்பிகள், உடைத்த சுவர் எல்லாம் அதில் அடங்கும். பழைய நிலை எது என்று காட்ட, சாவி வாங்கிய நாளில் தேதியோடு எடுத்த படங்கள் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாக இருக்க வேண்டும். ஒழுகும் கூரையும் விரிசல் விட்ட தூணும் யார் பொறுப்பு என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.

தவணைக்கு முன்பே வெளியேறினால் வைப்பு முழுவதும் போய்விடும் என்று ஒப்பந்தம் சொல்லலாம். ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, எழுதிய தொகை எதுவானாலும் நியாயமான ஈடுதான் பெற முடியும் என்கிறது. பறிமுதலாகும் முன்பணத்துக்கும் இது பொருந்தும் என்று கியூபிக் எலக்ட்ரானிக்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் விளக்கியது. தொகை மிகையானது என்று காட்டும் பொறுப்பு எதிர்ப்பவருடையது. அடுத்த மாதமே அதிக வாடகைக்கு ஆள் வந்துவிட்டது என்பதுபோன்ற சான்றைத் திரட்ட வேண்டும்.

சாவியைக் கொடுக்கும்போது இருவரும் சேர்ந்து கடையைச் சுற்றிப் பார்த்து, மின், நீர் அளவீடுகளையும் குறைகளையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். “சாவி பெற்றுக்கொண்டேன்” என்ற வரியும் தேதியும் அதில் இருந்தால் இரட்டை வாடகைக் கணக்கு அந்த நாளோடு நிற்கும். வைப்பு திரும்பாவிட்டால், ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து ஆறு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். 5,000 வெள்ளி வரையிலான தொகைக்கு, வழக்காளி தனி நபரானால், வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். நிறுவனத்தின் பெயரில் கடை எடுத்தவருக்கு அந்த வழி திறக்காது. அவர் வழக்கமான சிவில் வழக்காகவே தொடுக்க வேண்டும்.